விரல் வாங்கிக்கொண்ட வேலை

1930 மே மாதம் அமெரிக்க செனட் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பங்குச் சந்தை சரிந்து ஏழு மாதம் ஆகியிருந்த நேரம். தீர்மானம் அதைப் பற்றியதல்ல, டெலிபோனைப் பற்றியது. நாடாளுமன்றக் கட்டடத்தில் புதிதாக வைத்திருந்த டயல் டெலிபோன்களைக் கழற்றிவிட்டு, பழையபடி ஆபரேட்டரிடம் சொன்னால் இணைப்புத் தரும் டெலிபோன்களை மாட்ட வேண்டும் என்றார் வர்ஜீனியா செனட்டர் கார்ட்டர் கிளாஸ். டயல் சுற்றுவது சிரமம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் சுவாரசியமானது. ஆபரேட்டர் பார்க்க வேண்டிய வேலையை செனட்டர்கள் தலையில் கட்டிவிட்டார்களாம். இளைய செனட்டர்கள் சிலருக்கு டயல் பிடித்திருந்ததால், யாருக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் சமரசம் ஆயிற்று.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கிழவர்கள் கண்டுபிடித்த விஷயத்தைப் பொருளாதார நூல்கள் பல கோட்டைவிட்டிருக்கின்றன. இயந்திரம் மனிதனின் வேலையை எடுத்துக்கொள்கிறது என்கிறோம். டெலிபோன் விஷயத்தில் வேலையின் ஒரு பாதியைத்தான் இயந்திரம் எடுத்தது. யாருக்கு இணைப்பு வேண்டும் என்று கேட்டு, அதை எண்ணாக மாற்றும் மறுபாதி வாடிக்கையாளரின் ஆள்காட்டி விரலுக்கு வந்து சேர்ந்தது. சம்பளம் இல்லாத வேலை. ஏ.டி.எம்.மில் நாமே பணம் எண்ணுவதும், ரயில் டிக்கெட்டை நாமே நள்ளிரவில் மல்லுக்கட்டிப் பதிவு செய்வதும் இதே வம்சம்தான்.

செயற்கை நுண்ணறிவு நம் வேலைகளை என்ன செய்யும் என்று இன்று ஆளுக்கொரு ஆரூடம் சொல்கிறார்கள். 2013இல் ஆக்ஸ்ஃபோர்டின் கார்ல் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மூன்றாண்டு கழித்து, பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.க்காக வேறு மூவர் கணக்கிட்டபோது அது 9 விழுக்காடாகச் சுருங்கியது. ஒரு வேலையை முழுசாக எடுத்துப் பார்ப்பதா, அதற்குள் இருக்கும் சின்னச் சின்னப் பணிகளாகப் பிரித்துப் பார்ப்பதா என்பதில்தான் வித்தியாசம். இப்படி ஐந்து மடங்கு ஏறி இறங்கும் ஆரூடத்தை நம்புவதைவிட, முழுசாக நடந்து முடிந்த ஒரு கதையைப் பார்ப்பது பயனுள்ளது என்பது என் கட்சி. டெலிபோன் ஆபரேட்டர்களின் கதை அப்படிப்பட்டது.

1878 ஜனவரியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவனில் முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. ஆரம்பத்தில் இணைப்புப் போர்டின் முன் உட்கார்ந்தவர்கள் பையன்கள். தந்தி அலுவலகத்தில் ஓடியாடிய பையன்கள் வாடிக்கையாளரிடம் வாய்த்துடுக்காகப் பேசினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். சில ஆண்டுகளில் இது பெண்களின் வேலை என்றே ஆகிவிட்டது. நிதானமான குரல், நீண்ட போர்டின் மேல்வரிசை வரை எட்டும் கை, திருமணம் ஆகாதவர் என்று நிபந்தனைகள். சொல்லாமலே இருந்த இன்னொரு நிபந்தனை நிறம். பெல் நிறுவனங்கள் 1940கள் வரை கறுப்பினப் பெண்களை இந்த நாற்காலியில் உட்காரவிடவில்லை.

1920 வாக்கில் பெல் நிறுவனங்களின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. அமெரிக்காவின் மிகப்பெரிய தனியார் முதலாளி. இளம் பெண்களுக்குக் கௌரவமாகக் கிடைத்த வேலைகளில் ஆபரேட்டர் வேலை முன்வரிசையில் இருந்தது. சின்ன ஊர்களில் ஆபரேட்டர்தான் ஊரின் ஞாபகம். டாக்டர் எங்கே போயிருக்கிறார், தீ எங்கே பிடித்திருக்கிறது, மணி என்ன என்று எல்லாவற்றையும் அவரிடம் கேட்பார்கள். இவை எதுவும் வேலைப் பட்டியலில் எழுதப்பட்டதில்லை. பின்னாளில் இயந்திரம் வந்தபோது எழுதப்பட்டதை மட்டும் செய்தது.

அந்த இயந்திரத்தைத் தந்தவர் ஒரு சவ அடக்க வியாபாரி. கன்சாஸ் சிட்டியின் ஆல்மன் ஸ்ட்ரோஜர். போட்டி வியாபாரியின் மனைவி ஆபரேட்டராக இருந்ததால், தனக்கு வர வேண்டிய சாவுச் செய்தியெல்லாம் அங்கே திருப்பிவிடப்படுகிறது என்று கோபப்பட்டு ஆபரேட்டரே இல்லாத எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ என்னவோ, 1891இல் அவர் வாங்கிய காப்புரிமை உண்மை. 1892 நவம்பரில் இந்தியானாவின் லா போர்ட் என்ற சிற்றூரில் சுமார் 75 சந்தாதாரர்களோடு முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது.

அதன் இயக்கம் எளிமையானது. ஒரு செங்குத்துத் தண்டு. அதைச் சுற்றி அரைவட்டமாகப் பத்து அடுக்குகள், அடுக்குக்குப் பத்து மின் தொடுமுனைகள். மொத்தம் நூறு டெலிபோன்கள். நீங்கள் 4 என்று சுற்றினால் நான்கு மின்துடிப்புகள் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின்காந்தம் தண்டை ஒரு படி மேலே தூக்கும். அடுத்து 7 என்றால் தண்டு ஏழு படி பக்கவாட்டில் திரும்பி 47ஆம் தொடுமுனையைத் தொடும். லிஃப்டில் நாலாவது மாடிக்குப் போய் ஏழாவது வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. நூறுக்கு மேல் வேண்டுமானால் இதே சாதனங்களை அடுத்தடுத்துக் கோத்துக்கொண்டு போக வேண்டும்.

இங்கேதான் நாம் வழக்கமாகத் தவறவிடும் செய்தி இருக்கிறது. 1892இல் இயந்திரம் தயார். ஏ.டி. அண்ட் டி. தன் நகரங்களில் அதை வைக்கத் தொடங்கியது 1919இல். இடையில் 27 ஆண்டு. மெய்ன் மாநிலத்தின் பிரையன்ட் பாண்ட் என்ற ஊரில் கைப்பிடியைச் சுழற்றி ஆபரேட்டரைக் கூப்பிடும் டெலிபோன் 1983 வரை ஓடியது!

ஏன் இத்தனை தாமதம்? நூறு டெலிபோன்களுக்கு இடையே 4,950 ஜோடிகள் சாத்தியம். பத்தாயிரம் டெலிபோன் என்றால் ஏறத்தாழ 5 கோடி. சிற்றூரில் மலிவாக முடிந்த காரியம் பெருநகரத்தில் மலையாகிவிடும். அது மட்டுமல்ல. பில் போடுவது, எண்களை ஒதுக்குவது, டைரக்டரி அச்சிடுவது, புகார் கேட்பது என்று கம்பெனியின் அத்தனை பழக்கங்களும் ஆபரேட்டர் என்ற மனுஷியைச் சுற்றிப் பின்னப்பட்டிருந்தன. அவரை எடுத்தால் எல்லாவற்றையும் மறுபடி பின்ன வேண்டும். வாடிக்கையாளர்களுக்கும் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. டயலை எப்படிச் சுற்றுவது என்று படம் பிடித்துக் காட்டினார்கள், ஊர்க் கூட்டங்களில் செய்து காண்பித்தார்கள். ஆய்வகத்தில் ஓடும் கருவிக்கும் ஊரில் ஓடும் கருவிக்கும் நடுவே இருக்கும் இந்தக் காலத்தைத்தான் ஆரூடக்காரர்கள் எப்போதும் குறைத்துப் போடுகிறார்கள்.

1919க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த ஏப்ரலில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஜூலியா ஓகானர் தலைமையில் சுமார் 8,000 ஆபரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு நாள் டெலிபோன்கள் ஊமையாயின. ஊதிய உயர்வு கிடைத்தது. வேலைநிறுத்தத்தால்தான் இயந்திரம் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆயத்தங்கள் முன்பே தொடங்கியிருந்தன. ஆனால் ஆள்கூலி ஏற ஏற இயந்திரத்தின் கணக்கு இனிக்கத் தொடங்கும். ஸ்ட்ரோஜரின் கண்டுபிடிப்பு 27 ஆண்டு காத்திருந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

பிறகு மாற்றம் ஊர் ஊராக வந்தது. பெரும்பாலும் நள்ளிரவு. குறித்த மணியில் பழைய கம்பிகளைத் துண்டித்துப் புதியவற்றை இணைப்பார்கள். விடிந்தால் அந்த ஊரில் ஆபரேட்டர் வேலைகளில் பாதிக்கும் மேல் இருக்காது. 1920இலிருந்து 1940க்குள் அமெரிக்க டெலிபோன் வலையில் பாதிக்கும் மேல் இப்படி மாறியது.

ஆராய்ச்சியாளருக்கு இது அபூர்வமான வாய்ப்பு. ஒரே தொழில், ஒரே முதலாளி, ஊருக்கு ஒரு தேதி. மாறிய ஊரையும் மாறாத ஊரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைச் செய்தார்கள். ஒரு முட்டுக்கட்டை இருந்தது. திருமணமானதும் பெண்களின் குடும்பப் பெயர் மாறிவிடும், அடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது. குடும்பங்கள் தங்கள் வம்சாவளியைத் தாங்களே தேடித் தொகுத்த பதிவுகள் கைகொடுத்தன. யாரோ ஒரு பேத்தி ஆசைக்குப் போட்டு வைத்த குடும்ப மரம் பொருளாதாரத்துக்குச் சான்றாகிவிட்டது.

அவர்கள் கண்டது இரண்டு. மாற்றத்துக்குப் பின் வேலைச் சந்தைக்கு வந்த இளம் பெண்களுக்கு ஒட்டுமொத்தமாக வேலை குறையவில்லை. ஆபரேட்டராகியிருக்க வேண்டியவர்கள் அலுவலகங்களில் டைப்பிஸ்ட், செயலாளர் ஆனார்கள், உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் சேர்ந்தார்கள். இதை மட்டும் படித்தால், பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத் தோன்றும். இரண்டாவது முடிவு அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கிறது. மாற்றம் வந்த நாளில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்கள், பத்தாண்டு கழித்தும் மீளவில்லை. மற்ற ஊர்களின் ஆபரேட்டர்களோடு ஒப்பிட்டால், அவர்கள் குறைந்த சம்பள வேலையில் இருப்பதற்கோ வேலையே இல்லாமல் இருப்பதற்கோ வாய்ப்பு அதிகமாக இருந்தது.

சமுதாயம் தப்பித்தது, நாற்காலியில் இருந்தவர் தப்பிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. 'வேலை போகுமா, போகாதா?' என்ற பட்டிமன்றத்தில் இரு தரப்பும் ஜெயிப்பது இதனால்தான். அவர்கள் வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

செனட்டர்கள் டயலோடு சண்டை போட்ட அதே 1930இல்தான் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் நம் பேரப்பிள்ளைகளின் பொருளாதாரம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். தொழில்நுட்பத்தால் வரும் வேலையின்மை ஒரு புதிய நோய் என்றார். நூறாண்டில் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்ற நிலை வரும் என்றார். அந்த நூறாண்டு 2030இல் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப்பைத் திறந்து உட்காரும் வாசகர்களிடம் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே கட்டுரையில் அந்த நோயை அவர் தற்காலிகமானது என்றார். அங்கேதான் எனக்கு அவரோடு தகராறு. நாகரிகத்தின் கணக்கில் பத்தாண்டு தற்காலிகம்தான். 28 வயது ஆபரேட்டருக்கு அது இளமை முழுவதும்.

நம் ஊரில் இந்தக் கதை வேறு பாதையில் போனது. 1882இலேயே கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் எக்ஸ்சேஞ்ச்கள் திறந்துவிட்டன. தானியங்கி எக்ஸ்சேஞ்ச் சிம்லாவில் 1913-14இல் வந்துவிட்டது. ஏ.டி. அண்ட் டி.க்கும் முன்னால்! ஆட்சியாளர்களின் கோடைத் தலைநகருக்குக் கிடைத்தது மற்ற ஊர்களுக்குக் கிடைக்கத் தலைமுறைகள் ஆயின. ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே தொடங்கியது. மற்றவர்கள் 1980கள் வரை ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று காத்திருப்புக்கு மூன்று விலை. குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்றால் பி.பி. கால். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஆபரேட்டர் நடுவில் புகுந்து மூன்று நிமிஷம் ஆச்சு என்பார்.

1984இல் சாம் பிட்ரோடா முன்னின்று உருவாக்கிய சி-டாட் நிறுவனம், தூசியிலும் வெயிலிலும் ஏ.சி. இல்லாமல் ஓடக்கூடிய சின்ன மின்னணு எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. கிராமங்களுக்கு டயல் ஒலி வந்தது. இங்கே நிரந்தர ஊழியரான ஆபரேட்டர் அரசு ஊழியர். நள்ளிரவில் கம்பியைத் துண்டித்ததும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நெருக்கடி வேலை பார்ப்பவர் மேல் விழாமல் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் தேங்கியது. கடைசியில் 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எல்லாருமே 50 வயதைத் தாண்டியவர்கள், கையில் தொகையோடு, ஓய்வூதியத்தோடு. அமெரிக்க ஆபரேட்டர் தனியாகச் சுமந்ததை இங்கே ஊர் முழுவதும் பகிர்ந்து சுமந்தது. இதில் வீண் செலவு இருந்தது, மறுக்க முடியாது. மனிதத்தனமும் இருந்தது.

நடுவில் ஒரு வேலை பிறந்து, செழித்து, செத்தும் போனது. மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத். மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமத்தில் முன்னுரிமை கொடுத்தார்கள். இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால் பம்பாய்க்குப் பேச நள்ளிரவில் வரிசை நிற்கும். ஆபரேட்டரை ஒழித்த அதே தானியங்கிதான் இந்தக் கடைக்காரரை உருவாக்கியது. 1995இல் வந்த செல்போன் பத்துப் பதினைந்து ஆண்டில் அவரை ஜெராக்ஸ் கடைக்காரராகவும் பின்னர் ரீசார்ஜ் கடைக்காரராகவும் மாற்றியது. ரீசார்ஜ் வேலையையும் இப்போது நம் விரலே செய்கிறது. புதிய தொழில்நுட்பம் புதிய வேலை தரும் என்பது சரி. அந்தப் புதிய வேலைக்கு எவ்வளவு ஆயுள் என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.

பெரிய வாரிசு வேறெங்கோ பிறந்தது. இணைப்பு மலிவானதால், சென்னையிலும் மணிலாவிலும் இருந்துகொண்டு அமெரிக்கரின் புகாரைக் கேட்க முடிந்தது. தலையில் ஹெட்செட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் கால் சென்டர் இளைஞர்களின் படத்தையும் 1910இன் எக்ஸ்சேஞ்ச் படத்தையும் பக்கத்தில் வையுங்கள், வித்தியாசம் உடையில்தான். செயற்கை நுண்ணறிவு முதலில் உட்கார்ந்த நாற்காலிகளில் இதுவும் ஒன்று.

எரிக் பிரின்யால்ஃப்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைக் கவனித்தார்கள். பெரும்பாலோர் ஃபிலிப்பைன்ஸில் இருந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்த மென்பொருள், ஏராளமான பழைய உரையாடல்களைப் படித்து, கெட்டிக்கார ஊழியர்கள் எந்தச் சந்தர்ப்பத்தில் என்ன சொன்னார்கள் என்று கற்றுக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரோடு சாட் நடக்க நடக்க, இதைச் சொல்லிப் பாருங்கள் என்று திரையில் காட்டும். சராசரியாக ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த புகார்கள் சுமார் 14 விழுக்காடு கூடின. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 34 விழுக்காடு. அனுபவசாலிகளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இருக்காதே, அது அவர்களின் வாய்வார்த்தைதானே! இயந்திரம் அதை உறிஞ்சிப் புதியவர்களுக்குப் பரிமாறியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த சாதுரியத்துக்கு அந்த அனுபவசாலிக்குத் தனியாக எவரும் காசு கொடுக்கவில்லை. வருங்காலத் தொழிற்சங்கங்கள் சண்டை போடப்போகும் விஷயங்களில் இது முதன்மையானதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

புதியவருக்கு லாபம் என்றால் இளைஞர்கள் கொண்டாட வேண்டும். ஆனால் அதே பிரின்யால்ஃப்சன் வேறு இருவரோடு சேர்ந்து 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை அலசியபோது எதிர்ப்பக்கம் தெரிந்தது. செயற்கை நுண்ணறிவு அதிகம் நுழையக்கூடிய தொழில்களில், 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 விழுக்காடு சரிந்திருந்தது. அதே தொழில்களில் வயதில் மூத்தவர்கள் நிலையாக இருந்தார்கள். ஏட்டுப் படிப்பை இயந்திரம் எளிதில் பிடித்துக்கொள்கிறது, பட்டறிவு கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். வட்டி விகிதம், பெருந்தொற்றுக் காலத்து மிகை ஆள்சேர்ப்பு என்று வேறு காரணங்களைச் சொல்பவர்களும் உண்டு. ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஆனால் அது நிஜமானால் ஆபரேட்டர் கதையின் வரிசை தலைகீழாகிறது. அன்று நாற்காலியில் இருந்தவர் விழுந்தார், வாசலில் நின்ற இளம்பெண் வேறு கதவைத் தட்டினார். இன்று நாற்காலிக்காரர் இருக்கிறார், வாசல் சாத்தப்படுகிறது. இதற்கு நள்ளிரவுத் தேதி கிடையாது. யாரையும் வேலையைவிட்டு நீக்குவதில்லை என்பதால் இழப்பீடு இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகள் குறையும், அவ்வளவுதான். பொறியியல் கல்லூரிகளை நம்பி ஒரு தலைமுறையே கடன் வாங்கிப் படித்த தமிழ்நாட்டில் இது வெறும் அமெரிக்கச் செய்தி அல்ல.

வேலையே இல்லாமல் போகும் என்று நான் நம்பவில்லை. தமிழ்நாட்டில் பெண் ஒருவருக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரியாக ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டன. அறுபதைக் கடந்தவர்கள் ஏற்கெனவே 13 விழுக்காட்டைத் தாண்டியாயிற்று. முதியவரைத் தூக்கி உட்காரவைக்க, மருந்து நேரம் பார்க்க, பேச்சுத்துணையாக இருக்க ஆட்கள் லட்சக்கணக்கில் தேவைப்படுவார்கள். அன்று ஆபரேட்டருக்குப் பதிலாக அழகு நிலையம் போல, இன்று முதியோர் பராமரிப்பு. அந்த வேலைக்கு இப்போது கொடுக்கும் சம்பளத்தையும் மரியாதையையும் வைத்துப் பார்த்தால், பி.இ. படித்த பிள்ளை அதைத் தேடிப் போவான் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அந்தச் சம்பளம் எப்படி உயரும் என்பது இயந்திரத்தின் கையில் இல்லை.

வாசல் சாத்துவதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ஃப்ரெஷராகச் சேர்ந்த பையன் முதல் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தும் சில்லறைப் பிழைகளைத் திருத்தியும் சீனியரின் தோள் வழியாக எட்டிப் பார்த்தும்தான் தொழில் கற்றான். கம்பெனி அவனுக்குக் கொடுத்த சம்பளத்தில் பாதி, நாளைய சீனியரை உருவாக்குவதற்கான முதலீடு. சில்லறை வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்த கம்பெனி இந்த முதலீட்டையும் சேர்த்து நிறுத்திவிடும். பக்கத்துக் கம்பெனி ஆளைத் தயார் செய்யட்டும், நாம் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்வோம் என்று ஒவ்வொருவரும் நினைத்தால் தயார் செய்ய எவரும் இருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1961இன் தொழில் பழகுநர் சட்டம். லேத்துக்கும் பாய்லருக்கும் எழுதிய சட்டம், பின்னாளில் பட்டதாரிகளையும் சேவைத் துறைகளையும் சேர்த்துக்கொண்டது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். உதவித்தொகையில் ஒரு பங்கை ஒன்றிய அரசு ஏற்கிறது. கம்பெனிகள் பெரும்பாலும் கீழ் எல்லையை ஒட்டியே நிற்க விரும்பும். ஆள் எடுப்பதைக் குறைத்து மென்பொருள் உரிமம் வாங்குவதைக் கூட்டும் நிறுவனத்துக்கு மட்டும் அந்த எல்லையை 5 விழுக்காடாக்கினால் என்ன ஆகும் என்று ஒரு மாவட்டத்தில், ஒரு துறையில், ஐந்து வருஷம் செய்து பார்க்கலாம். ஊருக்கு ஒரு தேதி வைத்துப் படிப்படியாகக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. விளைவை அளக்கும் வழியை ஃபைகன்பாமும் கிராஸும் காட்டியிருக்கிறார்கள்.